கூட்டை மறைத்த இலை

இலையைக் காணோம்.

சனிக்கிழமை காலை ஆறரை மணி. பூங்காவின் பின்வாசலை ஒட்டிய செம்பருத்தி வேலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவைக் கண்ணோடு ஒட்டவைத்தவளுக்கு, தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் முட்டி வலிக்க ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கூட்டுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இலை தொங்கிக்கொண்டிருந்தது. அடைகாக்கும் கொண்டைக்குருவியின் கொண்டை தெரியும், வாலுக்கடியில் இருக்கும் சிவப்பு தெரியும், சரியாகக் கண் இருக்கிற இடத்தில் மட்டும் அந்த இலை வந்து நிற்கும். காற்று அடித்தால் இலை விலகும். இலை விலகினால் குருவி தலையைத் திருப்பிக்கொள்ளும். நாற்பது படம் எடுத்தாள். நாற்பதிலும் இலைதான் பிரமாதமாக வந்திருந்தது. இன்றைக்கு அந்த இலையும் இல்லை, இலை இருந்த கிளையும் இல்லை, பக்கத்துக் கிளைகள் இரண்டும் இல்லை. தட்டில் எடுத்துவைத்த மாதிரி கூடு நடுவில் பளிச்சென்று இருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். பொரித்து நான்கு நாள்தான் இருக்கும். தோலுக்கு மேல் இறகு முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. அவள் தோள் பட்டு வேலி அசைந்ததும் அம்மா வந்துவிட்டாள் என்று மூன்றும் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தன.

படம் எடுக்கக் கை ஓடவில்லை. வெட்டுப்பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிசிர் இல்லாமல், சாய்வாக, ஒரே வெட்டு. நல்ல விலை கொடுத்து வாங்கிய கத்தரி. ஒன்பது மணிக்கு வெயில் நேராக இந்த ஓட்டைக்குள் இறங்கும். அதுவரைக்கும் வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் காக்காய்க்கு இல்லை. அது விளக்குக் கம்பத்தின் மேல் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது.

எழுந்து திரும்பினாள். பத்தடி தள்ளி, கூட்டுக்கு நேர்க்கோட்டில், முக்காலியின் மேல் பீரங்கி நின்றுகொண்டிருந்தது.

அந்த லென்ஸுக்கு அப்படித்தான் பெயர். அதை வைத்திருந்தவருக்குப் பீரங்கியார் என்று பெயர். இரண்டையும் வைத்தது அவள்தான். பாலம் கட்டும் இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பதினாலு பையுள்ள மேல்சட்டை, காதை மூடும் தொப்பி, லென்ஸுக்குக் காட்டு இலை அச்சடித்த உறை. சுற்றி நடப்பவர்கள் எல்லாம் ரோஸ் கலரிலும் மஞ்சள் கலரிலும் ஷூ போட்டுக்கொண்டு கைவீசி நடக்கும் பூங்காவில், அந்த உறை யாரை ஏமாற்றுவதற்கு என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை. வாராவாரம் அவர் தலைமையில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு, பாவம் அது எதிரி வந்துவிட்டதென்று பதறி ஓடிவர, படமாகச் சுட்டுத் தள்ளுவார்கள். போன வருஷம் பொந்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை கண்ணைத் திறக்க வேண்டும் என்பதற்காக மரத்தைக் கல்லால் தட்டினார்கள். ஓணான் நல்ல இடத்தில் உட்காரவில்லை என்று அதைக் குச்சியால் தள்ளி வேறு கிளைக்கு மாற்றியதையும் பார்த்திருக்கிறாள். குறுக்கே வரும் குச்சியை ஒடித்துப்போடுவது அவர்கள் அகராதியில் தப்பே கிடையாது. அதற்கு ‘ஃப்ரேமைச் சுத்தம் பண்றது’ என்று பெயர்.

“சார், வெட்டினது நீங்கதானே?”

“எதைம்மா?”

“கூட்டு மேல இருந்த கிளையை.”

“நான் வந்தப்பவே இப்படித்தான் இருந்தது. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். லைட் இப்ப நேரா விழுது பாரு.”

“நல்லதாப் போச்சா? ஒன்பது மணிக்கு உங்களை அந்தக் கூட்டுக்குள்ள தொப்பி இல்லாம உட்கார வச்சா தெரியும், எந்த லைட் எங்க விழுதுன்னு.”

அவர் பின்னால் நின்ற ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. தொப்பியைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மாட்டிக்கொண்டு, “இந்த வயசுல இவ்வளவு கோபம் ஆகாதும்மா. கேமராவைத் தொடறவங்களுக்கு முதல்ல வேண்டியது பொறுமை. ஆமா, நீ வச்சிருக்கிறது என்ன லென்ஸ்?” என்றார்.

அவள் வைத்திருந்தது அவளுடையதே இல்லை. வேலை பார்க்கும் ஸ்டுடியோவினுடையது. பத்து வருஷத்துப் பழசு. லென்ஸின் ரப்பர் வளையம் தளர்ந்து, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் இறுக்கி வைத்திருந்தாள். விலங்கியல் படித்துவிட்டு, நாளெல்லாம் ‘தாடையை இறக்குங்க, கண்ணை மூடாதீங்க’ என்று அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற வேலை. சனி ஞாயிறு காலை ஒன்பது மணிவரைக்கும் கேமராவைக் கொண்டுபோகலாம், பேட்டரியை முழுசாக ஏற்றித் திருப்பித் தரவேண்டும் என்பது முதலாளியோடு ஒப்பந்தம். ஏரிகளில் பறவை கணக்கெடுக்கும் ஓர் அமைப்பில் களப் படப்பிடிப்பாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பத்துப் படம் அனுப்ப வேண்டும், அதில் ஒன்று கூடும் குஞ்சும். ஒன்பது தயார். திங்கள் மாலை கடைசி. இதையெல்லாம் இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நேராகப் பூங்கா அலுவலகத்துக்கு நடந்தாள்.

அலுவலகம் என்றால் ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு பீரோ, மூலையில் சாய்த்துவைத்த மண்வெட்டிகள், புல்வெட்டும் எந்திரத்தின் பெட்ரோல் வாடை. சூப்பர்வைசரம்மா அப்போதுதான் வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் வருகைப் பதிவேட்டைத் திறந்திருந்தாள்.

“வா பட்டதாரி. என்ன காலையிலேயே மூஞ்சி இப்படி இருக்கு?”

பூங்காவில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் அப்பா இங்கே இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டக்காரர். ‘என் பொண்ணு பட்டதாரி’ என்று தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவனிடம்கூடச் சொல்லிச் சொல்லி, அவள் அம்மா அப்பா வைத்த பெயர் இந்த வேலிக்குள் செத்துப்போயிற்று.

“புகார்ப் புத்தகம் குடுங்கக்கா.”

“வாயால சொல்லேன். எழுதினா பக்கத்துக்கு நம்பர் இருக்கு, கார்பன் இருக்கு, திங்கக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு ஒரு காப்பி போயிடும். அப்புறம் நானே நினைச்சாலும் கிழிக்க முடியாது.”

“கிழிக்க முடியாததாலதான் எழுதறேன்.”

எழுதினாள். அவளுக்கு எழுத வரும். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாருக்கும் வராத ஒன்று அது. ரேஷன் அட்டை முதல் ஆஸ்பத்திரிச் சீட்டுவரை தெருவில் பாதிப் பேருக்கு எழுதிக்கொடுத்துக் கொடுத்துக் கை பழகிவிட்டது. வாசலில் மாட்டியிருக்கும் விதிமுறைப் பலகையில் நான்காவது வரி, ஏழாவது வரி, இரண்டையும் எடுத்துப் போட்டாள். ‘கூட்டின் மீதிருந்த கிளைகள் வேண்டுமென்றே வெட்டப்பட்டுள்ளன. படம் எடுக்கும் குழுவின் தலைவர் மீது எனக்குச் சந்தேகம் உள்ளது. இதைச் செய்தவர், செய்யத் தூண்டியவர், எவராக இருந்தாலும் தயவுதாட்சண்யம் பாராமல் இனி இந்தப் பூங்காவுக்குள் அனுமதிக்கக் கூடாது.’ மூன்று பக்கம் ஓடியது. கார்பனில் எழுத்து விழவேண்டும் என்று அழுத்தி எழுதியதில் கட்டைவிரல் சிவந்துவிட்டது. கையெழுத்துப் போட்டபோது, இந்த ஒரு வருஷத்தில் அந்தப் படிப்பு உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கிறது என்று இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை அப்பாவுக்கு வார விடுமுறை. ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா நின்றபடியே பரிமாறிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே இவள் ஆரம்பித்துவிட்டாள்: பீரங்கி, வெட்டு, லைட், பொறுமை, புத்தகம், நான்காவது வரி, ஏழாவது வரி. அம்மா “மெதுவா, மெதுவா, மூச்சு விடுடி” என்றாள். அப்பா தட்டில் இருந்ததை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு இன்னொரு பக்கமாக ஒதுக்கினார்.

“படம் நல்லா வந்துச்சா பாப்பா?”

“என்ன படம்?”

“இல்ல... இப்ப மறைக்காதில்ல?”

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, வெட்டுப்பட்ட அந்தக் கிளை நுனி ஞாபகத்துக்கு வந்தது. கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே, தண்ணீர் தேங்காமல் வழிகிற மாதிரி சாய்வாக. சின்ன வயதிலிருந்து அந்த வெட்டைப் பார்த்து வளர்ந்தவள். இந்தத் தெருவில் யார் வீட்டுத் தொட்டியில் செடி வெட்டப்பட்டிருந்தாலும், அப்பா வெட்டினதா வேறு ஆள் வெட்டினதா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். இன்று காலை அதைத் தொட்டே பார்த்திருக்கிறாள். தொட்டுப் பார்த்து, விலை உயர்ந்த கத்தரி என்று முடிவுகட்டியிருக்கிறாள்.

“அப்பா. நீயா?”

“நீதானே சொன்ன. போன ஞாயித்துக்கிழமை. ‘அந்த ஒரு இலை மட்டும் இல்லன்னா படம் எங்கேயோ போயிருக்கும்’னு. சாப்பிடாமகூட போன்ல ஏத்தின அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியே.”

“அது சும்மா புலம்பறதுப்பா! படம் எடுக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் புலம்புவாங்க. இலை, வெயில், மேகம்னு. அதுக்காக...”

“முதல்ல இலை இருந்த கிளையை மட்டும்தான் எடுத்தேன். அப்புறம் பார்த்தா பக்கத்துல இருந்தது ரெண்டும் சாஞ்சு வந்து முன்னாடி விழுது. அதையும் எடுத்தேன். ஒண்ணரை அடிதான்.” அவர் கையை விரித்து அளவு காட்டினார். “வெட்டறது என் வேலை பாப்பா. உனக்குன்னு வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?”

கத்த வேண்டும் போல இருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த வேலிகளோடு வாழ்ந்தவர். கூடு இருக்கிற புதருக்குப் பக்கத்தில் புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டக்கூடாதென்று மற்றவர்களிடம் சண்டை போட்டவர். அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், பெண்ணுக்கு ஒரு இலை இடைஞ்சலாக இருக்கிறது என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. இவரை என்ன செய்வது?

“கார்டு எப்பப்பா புதுப்பிக்கிறாங்க?”

“இந்த மாசக் கடைசி.”

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் கொடுக்கும் வேலை அட்டை அது. போன தடவை அப்பா வயதுக்காரர்கள் இரண்டு பேருக்கு அட்டை வரவில்லை. ஒருவர் மதிய இடைவேளையில் மரத்தடியில் கண்ணயர்ந்தார் என்று ஒரு புகார். இன்னொருவர் நடைப்பயிற்சி வந்தவரிடம் எதிர்த்துப் பேசினார் என்று ஒரு புகார். அதெல்லாம் ஒன்றரை வரிப் புகார்கள். அவளுடையது மூன்று பக்கம்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “நல்லா இருக்கு. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தா. பெத்த அப்பன் வேலைக்கு உலை வைக்கிறதுக்கும் அவளே எழுதிட்டா. கையெழுத்து முத்து முத்தா இருந்திருக்குமே?”

“அம்மா, சும்மா இரு.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒருத்தர் கத்தரியைத் தூக்கிட்டுப் போறாரு, ஒருத்தி பேனாவைத் தூக்கிட்டுப் போறா. நடுவுல அந்தக் குருவி என்ன பாவம் பண்ணிச்சு?”

அப்பா எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாடு தட்டில் இருந்தது. “நானே போய்ச் சொல்லிடறேன், நான்தான் வெட்டினேன்னு” என்று சட்டையை எடுத்தார்.

“யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நாளைக்குக் காலையில நான் போய் வாபஸ் வாங்கறேன். நீ வாயைத் திறக்காத, அது போதும். என்னப்பா, கேட்குதா?”

“சரி, சொல்லலை. ஆனா வெயில் ஏறிடுச்சே” என்றார் அவர். அவ்வளவுதான், போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முழங்கையெல்லாம் கீறல். செம்பருத்திக் கிளையை ஒடித்து, தண்ணீர் பாட்டிலில் சொருகி, பாட்டிலை வேலிக்குள் கட்டிவிட்டு வந்தாராம். கொஞ்சம் நிழல் விழுகிறதாம். வாடினால் மாற்ற வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாகப் போனபோது பாட்டில் சரிந்து கிடந்தது. கிளை வாடித் தொங்கியது. கூட்டில் இரண்டு குஞ்சுகள்தான் இருந்தன.

அப்பா குனிந்து பார்த்தார். கீழே மண்ணில் தேடினார். இலைகளை விலக்கித் தேடினார். நிமிர்ந்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தார், அதில் எதுவும் இல்லை. கொட்டகைக்குப் போய் ஒரு காலி உரச்சாக்கை எடுத்துவந்தார். அவள் அங்கே நிற்க முடியாமல் அலுவலகத்துக்கு நடந்தாள். ‘மூணு இருந்தது, ரெண்டு’ என்று மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு யார் மேல் புகார் எழுதுவது?

பீரங்கியார் அவளுக்கு முன்னாலேயே வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் கட்டம் போட்ட தாளில் இரண்டு பக்கம். சூப்பர்வைசரம்மா அவளைப் பார்த்த பார்வையில் ‘நான் அப்பவே சொன்னேனே’ இருந்தது.

“வாம்மா. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்” என்றார் அவர். “முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். என் பாலம் ஒண்ணு விழுந்ததில்லை, என் மேல ஒரு மெமோ கிடையாது. விசாரணை வேணும்னு நானே எழுதிக் கேட்டிருக்கேன். யார் வெட்டினாங்கன்னு தெரிஞ்சாகணும்.”

“சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க வெட்டலை. வாபஸ் வாங்கிக்கறேன்.”

“அதெப்படி? நேத்து நான்தான்னு அடிச்சுச் சொன்ன. இன்னைக்கு நான் இல்லைங்கற. நடுவுல என்ன தெரிஞ்சது?”

அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சூப்பர்வைசரம்மாவிடம் “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு அவளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கேமராவின் சின்னத் திரையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பத்திரண்டு. முன்னால் குழாயின் மேல் கொண்டைக்குருவி. பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஆனால் யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி, அப்பா. ஒரு கையால் கிளையைக் குழந்தையின் கையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, நாக்கைப் பல்லுக்கிடையில் மடித்துக் கடித்துக்கொண்டு, கத்தரியை வைக்கிறார். அடையாள அட்டைக்காக எத்தனை தடவை அப்பாவை எடுத்திருப்பாள்! ஒவ்வொன்றிலும் போலீஸ் பிடித்துவைத்த ஆள் மாதிரி விறைத்துப்போய் இருப்பார். அவரை இவ்வளவு நன்றாக யாரும் எடுத்ததில்லை. அது இந்த ஆளின் கேமராவில் இருக்கிறது என்பதுதான் தாங்கவில்லை.

“நேத்துதான் பெருசாக்கிப் பார்த்தேன். இதை நான் உள்ள காட்டலை, பாரு” என்றார் அவர். “நானும் பொண்ணைப் பெத்தவன். ஆனா நேத்து எங்க ஆளுங்க எல்லாம் நிக்கும்போது நீ கத்தினே. அவங்க முன்னாடி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. வாபஸுக்கு நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

“நான் சொன்னது அத்தனையும் தப்பு இல்லை சார். ஆந்தை மரத்துல கல்லால தட்டினது நீங்கதான்.”

“அது வேற விஷயம்.”

“ஆமா, வேற விஷயம்தான்” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

ஏழு பேர் சிமென்ட் பெஞ்சைச் சுற்றி நின்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று, ‘சார் மேல தப்பாப் புகார் கொடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மனப்பாடச் செய்யுள் ஒப்பித்த மாதிரி இருந்தது. அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “பரவாயில்லம்மா, சின்னப் பொண்ணு” என்றார் ஒருவர். “ஆர்வம் இருக்கு, வழிகாட்ட ஆள் இல்லை” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அவள் லென்ஸில் இருந்த ரப்பர் பேண்டைப் பார்த்துச் சிரித்து, “இதுக்கெல்லாம் ஒரு கிட் கிடைக்குதும்மா” என்றார். டீ வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

திரும்பி அலுவலகத்துக்கு வந்தார்கள். பீரங்கியார் வாக்குத் தவறவில்லை. தன் இரண்டு பக்கத்தை மடித்துப் பதினாலு பைகளில் ஒன்றில் போட்டுக்கொண்டு, அவள் புகாருக்குக் கீழே ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார்.

“சார் வெட்டலைன்னு ஆச்சு” என்றாள் சூப்பர்வைசரம்மா. “ஆனா கிளை வெட்டப்பட்டிருக்கு. நானே போய்ப் பார்த்தேன். ‘கண்டறியப்பட்ட விவரம்’னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதைக் காலியா விட முடியாது. யாருன்னு போடட்டும்?”

“யாருன்னு தெரியலைன்னு போடுங்க.”

“அப்படியே எழுதிடு. உன் கையாலேயே எழுது.”

பேனாவைத் தாளில் வைத்தாள். அப்போதுதான் வாசல் வழியாக அந்தக் குரல் வந்தது. முப்பதடி தூரத்திலிருந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி.

“நான்தாங்க வெட்டினேன்! ஆமாங்க, நானேதான்! கொஞ்சம் தள்ளிப் போங்க, குஞ்சு இருக்கு!”

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். உரச்சாக்கை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, சாக்கின் நிழல் கூட்டின் மேல் விழுகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். நடைப்பயிற்சிக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். நிற்கிற ஒவ்வொருவரும் ‘என்ன பெரியவரே, என்ன ஆச்சு?’ என்று கேட்க, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நிழலுக்கு இருந்த கிளையை அவர்தான் வெட்டினார், ஒரு குஞ்சு போய்விட்டது, தப்பு அவருடையது, வெயில் தாழ்கிறவரைக்கும் இப்படித்தான் நிற்கப்போகிறார். நீல ஷூ போட்ட ஒரு அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு காரியம் சொன்னாள். வாயைத் திறக்காதே என்று. அவருக்காக அந்த ஏழு பேர் முன்னால் நின்று, அந்த ரப்பர் பேண்ட் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அங்கே அவர் வாரச்சந்தையில் கூவுகிற மாதிரி கூவிக்கொண்டிருக்கிறார்.

“அப்பா! பேசாம இரு!” என்று வாசலுக்குப் போய்க் கத்தினாள். அவர் திரும்பி, கை ஒழிவில்லாததால் தலையை மட்டும் ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா, முடியாது என்ற ஆட்டலா, கடவுளுக்கே வெளிச்சம்.

சூப்பர்வைசரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “இப்ப நான் என்னடி பண்றது? அண்ணன் இப்படி ஊர்பூரா சொல்லிக்கிட்டு நிக்கும்போது நான் எப்படித் ‘தெரியலை’ன்னு மேல அனுப்பறது? நாளைக்கு ஒப்பந்தக்காரன் வந்து முதல்ல என் கார்டைத்தான் கேட்பான்.”

“அவர் பேசறது பேச்சு. உங்களுக்கு எழுத்துதானே வேணும்?”

மேஜைக்குத் திரும்பினாள். அவள் நேற்று எழுதியதை ஒருமுறை படித்தாள். முத்து முத்தாகத்தான் இருந்தது. கட்டத்துக்குள் எழுதினாள்: ‘கூட்டின் மேலிருந்த இலை படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி, அதை வெட்ட வைத்தது நான். தோட்டக்காரர் என் பேச்சைக் கேட்டுச் செய்தார். அவருக்கு இதில் சொந்த நோக்கம் கிடையாது. என் புகாரில் நானே கேட்டுள்ளபடி என் மீது நடவடிக்கை எடுக்கவும்.’

சூப்பர்வைசரம்மா தலைகீழாகவே படித்துவிட்டாள். “பைத்தியமா உனக்கு? பூங்காவுக்குள்ள விடக்கூடாதுன்னு எழுதியிருக்க. உன்னையே வாசல்ல நிறுத்தச் சொல்றியா? அந்த வேலைக்குப் படம் அனுப்பணும்னு சொன்னியே, அது?”

“ஒன்பது இருக்கு.”

“பத்து கேட்டாங்கன்னியே.”

“அதான் ஒன்பது இருக்குன்னு சொல்றேனில்ல!” கத்திவிட்டாள். பிறகு குரலை இறக்கி, “இதை எழுதினா அவர் கார்டு தப்பிக்குமாக்கா? அதை மட்டும் சொல்லுங்க” என்றாள்.

“தப்பிக்கலாம். தப்பிக்காமலும் போகலாம். சொன்னதை அப்படியே செய்யற ஆளு, நீ சொல்லித்தான் வெட்டினாருன்னு நான் ஒரு வரி சேர்த்து எழுதறேன். மேல இருக்கிறவங்க படிக்கணுமே.”

“படிக்கிற மாதிரி எழுதுங்க.”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பீரங்கியார் மெல்ல எழுந்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற விதத்தில் ஏதோ இருந்தது. அவளும் பார்த்தாள்.

வேலியோரம் பேச்சு அடங்கியிருந்தது. நடந்தவர்கள் நடந்த இடத்தில், ஓடியவர்கள் ஓடிய இடத்தில், கையைத் தூக்கியவர் தூக்கியபடி. அப்பாவின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, வேலிக் கம்பியின் மேல் கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு, இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. அது சாக்கைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, உள்ளேயிருந்து அந்த மெல்லிய கீச்சொலி வந்த பக்கம் கழுத்தை நீட்டியது, திரும்ப இழுத்துக்கொண்டது. சிமென்ட் பெஞ்சுப் பக்கம் ஏழு லென்ஸும் மேலே எழுந்திருந்தன.

தன் கண் அதைப் பயமுறுத்திவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முகத்தில் வியர்வை இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்க ஒரு கையும் இல்லை. எவ்வளவு நேரமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறாரோ, இரண்டு கைகளும் நடுங்க ஆரம்பித்திருந்தன. சாக்கின் ஓரம் நடுங்கியது. அதோடு சேர்ந்து கூட்டின் மேல் நிழல் விலகுவதும் மூடுவதுமாக இருக்க, குருவி கம்பியில் ஓர் எட்டு நகர்ந்து உட்கார்ந்தது.